நீள்கை ஏற்றி: பழையதை வாங்குமுன் பார்க்க வேண்டியவை

உர மூட்டை ஒன்றின் எடை 50 கிலோகிராம். லோரியில் வந்திறங்கும் 10 டன் உரத்தில் இத்தகைய மூட்டைகள் 200 உள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து ஸ்டோருக்குள் அடுக்குவது தோட்டத் தொழிலாளர் பலருக்குப் பழகிப்போன வேலை. அவ்வேலையோடு வந்து சேரும் இடுப்பு வலியும் பழகிப்போனதொன்றே. இப்பளுவை மனிதர் தோளினின்று இறக்கி வைக்கக்கூடிய இயந்திரங்களுள் ஒன்று டெலிஹேண்ட்லர். வேண்டியபோது நீண்டு, வேண்டாதபோது சுருங்கும் ஒற்றைக் கையை உடைய வண்டியாதலின், இக்கட்டுரையில் இதனை நீள்கை ஏற்றி என்று குறிப்பிடுவோம்.

புதிய நீள்கை ஏற்றியின் விலை, சாதாரணக் குத்தகைக் குழுவுக்கோ சிறிய கூட்டுறவுச் சங்கத்துக்கோ எளிதில் எட்டக்கூடியதன்று. ஆகவே பலருடைய நாட்டம் பழைய வண்டிகளின்பால் செல்வது இயல்பே. பழையதை வாங்குவதில் தவறில்லை. நன்கு பேணப்பட்ட பழைய வண்டி பல்லாண்டு உழைக்கும். ஆனால், எங்கோ ஒரு பண்ணையிலோ கட்டுமானத் தளத்திலோ உழைத்துத் தேய்ந்த வண்டிக்குப் புதுச் சாயம் பூசிவிட்டால், அதன் உண்மை நிலையைக் கண்டறிவது அரிது. தண்ணீர் இறைக்கும் பம்ப் பழுதுபட்டால் வேலை நிற்கும், அவ்வளவே. சுமை தூக்கும் இயந்திரம் பழுதுபட்டாலோ, அதன் அருகில் நிற்பவரின் உயிருக்கே கேடு விளையும். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டே இதனை வாங்க வேண்டும்.

கூட்டாகப் பணம் சேர்த்து முதலீடு செய்யும் வழக்கம் நமக்குப் புதியதன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-ஆம் ஆண்டில், துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சிறு சேமிப்புகளைத் திரட்டியே தோட்டங்களை வாங்கியது. இன்றும், ஊழியர் சேமநிதியிலிருந்து கைக்கு வந்த பணத்தைக் கொண்டு சிலர் ஒன்றுகூடிக் குத்தகை வேலை எடுக்கின்றனர். வியர்வையால் சேர்ந்த அப்பணம் ஒரே நாளில் பழைய இரும்பாகிவிடாதிருக்க என்ன செய்ய வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

இயந்திரத்தின் அமைப்பு

தொழிற்சாலைகளில் நாம் காணும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி, சமமான சிமெந்துத் தரையில் ஓடிச் சுமையை நேர்மேலாகத் தூக்குவது. நீள்கை ஏற்றியோ பெரிய டயர்களும் நான்கு சக்கர இயக்கமும் கொண்டு, மண் தரையிலும் ஓட வல்லது. இதன் கை வண்டியின் பின்புறத்தில் பொருத்தப்பட்டு, ஓட்டுநர் அறையின் பக்கமாக முன்னோக்கிச் செல்கிறது. ஒரு பெட்டிக்குள் இன்னொரு பெட்டி நுழைந்திருப்பதுபோல் கையின் பகுதிகள் ஒன்றினுள் ஒன்று அமைந்துள்ளன. எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் சிலிண்டர்கள் அவற்றை உயர்த்தவும் நீட்டவும் செய்கின்றன. கையின் நுனியில், சுமையின் அடியில் நுழையும் இரண்டு இரும்பு ஃபோர்க்குகளையோ, மண் அள்ளும் தொட்டியையோ மாற்றி மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம்.

இங்கிலாந்தின் ஜே.சி.பி. நிறுவனம் 1977-ஆம் ஆண்டில் லோடால் என்ற பெயரில் இவ்வகை வண்டியை வெளியிட்டது. வீடு கட்டுவோர் செங்கல்லை மேல்மாடிக்கு ஏற்ற இதனைப் பயன்படுத்தினர். பின்னர், வைக்கோற் கட்டுகளை அடுக்கவும், தானியத்தை அள்ளவும், எருவை லோரியில் ஏற்றவும் ஐரோப்பிய விவசாயிகள் இதனை விரும்பி ஏற்றனர். பிரான்சின் மனித்தூ, இத்தாலியின் மெர்லோ ஆகிய நிறுவனங்களும் இவ்வகை வண்டிகளுக்குப் பெயர் பெற்றவை.

நம் தோட்டங்களிலும் இதற்கேற்ற வேலைகள் உண்டு. 1965-இல் அறிமுகமான தரப்படுத்தப்பட்ட மலேசிய ரப்பர் முறையின்படி, ரப்பர் கட்டி ஒன்றின் எடை 33⅓ கிலோகிராம். இத்தகைய 36 கட்டிகள் அடுக்கிய ஒரு பேலட் 1.2 டன் கனக்கிறது. உர மூட்டைகள் 20 அடுக்கினால் ஒரு டன். இவற்றை மனிதர் கையால் அசைக்க இயலாது. நீள்கை ஏற்றி சில நிமிடங்களில் லோரியில் ஏற்றிவிடும்.

முதலில் தேவையை அளந்தறிக

வண்டியைப் பார்க்கப் புறப்படுமுன், தோட்டத்தைப் பார்த்தல் வேண்டும். தூக்க வேண்டிய சுமைகளுள் மிகக் கனமானது எது, அதனை எவ்வளவு உயரத்துக்குத் தூக்க வேண்டும், லோரியின் ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம் உள்ளே வைக்க வேண்டும் என்ற மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டோர் வாசலின் அகலத்தையும் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். பண்ணைகளில் பயன்படும் நடுத்தர வண்டியின் அகலம் ஏறத்தாழ இரண்டேகால் மீட்டர். வாசலில் நுழையாத வண்டி எத்துணை நல்லதாயினும் பயனில்லை.

பாலங்களையும் மறந்துவிடலாகாது. நடுத்தர நீள்கை ஏற்றியின் எடை ஏறத்தாழ 7 டன். அது 2 டன் சுமையுடன் பாலத்தில் ஏறினால் மொத்தம் 9 டன். அதிலும் பெரும்பகுதி முன் சக்கரங்களின் மேலேயே அழுந்தும். பால் லோரியும் டிராக்டரும் தாண்டிச் செல்லும் பலகைப் பாலம் இவ்வண்டியைத் தாங்கும் என்று எண்ணிவிடுதல் பேதைமை.

இவ்வண்டி மலைச்சரிவுக்கு உகந்ததன்று. கை உயர்ந்திருக்கும்போது வண்டி சற்றே பக்கவாட்டில் சாய்ந்தாலும் கவிழக்கூடும். எனவே படிக்கட்டு வெட்டிய மேட்டு நிலத்தில் செம்பனைக் குலைகளைச் சேகரிக்க இதனை வாங்குவது பொருத்தமாகாது. ஸ்டோர், ஆலை முற்றம், சமமான ஏற்றுமிடம் ஆகியவையே இதற்கு உரிய இடங்கள். நீண்ட தூரம் சுமை இழுப்பதே தேவையாயின், டிரெய்லருடன் கூடிய டிராக்டரே மேலானது. தேவை இதுதானா என்று முதலில் தெளிந்துவிட்டால், பாதிப் பிழைகள் அப்போதே நீங்கிவிடும்.

பெயரில் உள்ள எண்கள்

பல வண்டிகளின் பெயரிலேயே அவற்றின் ஆற்றல் குறிக்கப்பட்டுள்ளது. ஜே.சி.பி. 531-70 என்பதில், 31 என்பது 3.1 டன் தூக்கும் திறனையும், 70 என்பது 7 மீட்டர் உயரத்தையும் குறிக்கின்றன. மனித்தூ எம்.எல்.டி. 634 என்பதிலோ முறை மாறி வருகிறது; 6 என்பது உயரம் 6 மீட்டர், 34 என்பது 3.4 டன். இதை அறியாதவர் எண்களை மாற்றிப் படித்து ஏமாறக்கூடும்.

எனினும், பெயரில் காணும் எடையே வண்டி எப்போதும் தூக்கும் எடை என்று கொள்ளுதல் பெருந்தவறு. முற்காலத்தில் பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் சுமந்தவர்கள் இதன் காரணத்தை எளிதில் உணர்வர். வாளி தோளுக்கு அருகில் தொங்கும்போது சுமப்பது எளிது. அதே வாளியைக் கம்பின் நுனிக்குத் தள்ளினால், கம்பு முன்பக்கம் சாய்ந்து நம்மையும் இழுக்கும். வாளியின் எடை மாறவில்லை, தூரமே மாறியது.

நீள்கை ஏற்றியிலும் அவ்வாறே. முன் சக்கரமே இங்குத் தோள். சக்கரத்திற்கு 1 மீட்டர் முன்னால் 3 டன் தாங்கும் வண்டி, 3 மீட்டர் முன்னால் 1 டன்னைத்தான் தாங்கும் என்பது கணக்கு. நீளும் கையின் எடையும் முன்னோக்கிச் செல்வதால், உண்மையில் அதனினும் குறைவாகவே தாங்கும். எவ்வளவு நீட்டினால், எவ்வளவு உயர்த்தினால், எவ்வளவு எடை தூக்கலாம் என்பதைக் காட்டும் சுமைப் படம் ஓட்டுநர் அறையில் இருத்தல் வேண்டும். அப்படம் கிழிந்தோ, வேறு மாடலுக்கு உரியதாகவோ இருந்தால், அவ்வண்டியை இதுவரை ஓட்டியவர்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை என்பது பொருள்.

சிறு வாசகமாயினும் ஊன்றிப் படியுங்கள். நீங்கள் எழுதி வைத்த எடையையும் தூரத்தையும் உயரத்தையும் அப்படத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் சுமை எல்லைக் கோட்டைத் தொடுமாயின், அவ்வண்டி உங்களுக்குப் போதாது.

கையே வண்டியின் உயிர்

வாங்குவோர் பலர் முதலில் என்ஜின் ஒலியைக் கேட்கின்றனர். என்ஜின் கெட்டால் செலவோடு செப்பனிடலாம். கை கெட்டால் வண்டியே கெட்டதாகும். ஆகவே கையையே முதலில் ஆராய வேண்டும்.

கையை முழுவதும் நீட்டச் சொல்லி, தரைக்கு அருகில் தாழ்த்தி வைத்து, என்ஜினை நிறுத்தியபின் பாருங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை கண்ணை ஓட்டினால் வளைவு தெரியும். கையின் அடித்தகடு, பக்கவாட்டு மூலைகள், சிலிண்டர் பொருத்தப்பட்ட இடங்கள் ஆகியவற்றில் சாயம் விரிந்து மயிரிழை போன்ற கோடு ஓடுகிறதா என்று நோக்குங்கள். அது விரிசலாக இருக்கலாம். ஓர் இடத்தில் மட்டும் புதுச் சாயம் பூசப்பட்டிருந்தால், அங்கே விரலால் தடவிப் பாருங்கள். தொழிற்சாலையில் செய்த வெல்டிங் சீராக ஓடும். பின்னர் ஒட்டுப் போட்டது மேடுபள்ளமாக இருக்கும். கையில் ஒட்டுத் தகடு வைத்து வெல்டிங் செய்த வண்டியை, யார் எந்த முறைப்படி செய்தார் என்பதற்கு எழுத்துச் சான்று இல்லாவிடில், விலை எவ்வளவு மலிவாயினும் விட்டுவிடுங்கள்.

கையின் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று உராயாமல் வழுக்கிச் செல்வதற்காக, இடையில் கெட்டியான பிளாஸ்டிக்கால் ஆன தேய்மானக் கட்டைகள் உள்ளன. இவை தேய்வது இயல்பு, மாற்றிவிடலாம். ஆனால் கட்டை தேய்ந்தும் மாற்றாமல் ஓட்டினால் இரும்பு இரும்போடு உராய்ந்து கையின் உட்புறம் அரிக்கப்படும். கையின் நுனியை இருவர் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தால் அதன் ஆட்டம் தெரியும். உட்பகுதியின் மேற்பரப்பில் ஆழமான கீறல் ஓடியிருந்தால், அது நெடுங்காலப் புறக்கணிப்பின் அடையாளம்.

நுனியில் உள்ள பின்களும் புஷ்களும் கிரீஸ் இன்றி உழைத்திருந்தால், துவாரங்கள் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும். ஃபோர்க்குகளையும் அளந்து பாருங்கள். நிமிர்ந்த பகுதியும் படுத்த பகுதியும் சேரும் வளைவே அதிகம் தேயும் இடம். தடிப்பில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலே அந்த ஃபோர்க்கை ஒதுக்கிவிட வேண்டும் என்பது விதி. புதிதில் 40 மில்லிமீட்டர் தடிப்பாக இருந்தது 36 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் அதன் பணி முடிந்தது. பத்தில் ஒரு பங்கு தேய்மானம், தாங்கும் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்துவிடுகிறது.

இருபது மூட்டைச் சோதனை

வெறுங்கையை ஆட்டிக் காட்டும் வண்டி எல்லாமே நன்றாக இயங்குவதுபோல் தோன்றும். சுமை ஏறியபின்தான் உண்மை வெளிப்படும். இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. 50 கிலோ உர மூட்டைகள் 20 அடுக்கிய பேலட் ஒரு டன் ஆகும். அதுவே நமது எடைக்கல்.

சமதரையில், கையை நீட்டாமல், அப்பேலட்டை ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கச் செய்து, என்ஜினை நிறுத்துங்கள். தூக்கும் சிலிண்டரின் பளபளப்பான தண்டில் சாக்குக் கட்டியால் ஒரு கோடு இடுங்கள். பத்து நிமிடம் காத்திருங்கள். அந்நேரத்தில் எவரும் சுமைக்கடியிலோ கைக்கடியிலோ செல்லலாகாது. சூடான எண்ணெய் குளிர்வதால் கோடு இம்மியளவு நகரலாம். கண்ணுக்குத் தெரியும்படி சுமை இறங்கினால், சிலிண்டரின் அடைப்பு வளையமோ வால்வோ கசிகிறது என்று பொருள். எண்ணெய்க் குழாய் வெடித்தாலும் கை சட்டென்று விழாமல் தடுப்பதற்காகச் சிலிண்டரிலேயே ஒரு தடுப்பு வால்வு பொருத்தப்பட்டிருக்கும். அது கழற்றப்பட்ட வண்டியை ஏற்கவே கூடாது.

பின்னர் வண்டியை அரைமணி நேரமேனும் வேலை செய்ய விடுங்கள். குளிர்ந்த எண்ணெயில் சுறுசுறுப்பாக இயங்கும் தேய்ந்த பம்ப், எண்ணெய் சூடானதும் தளர்ந்துவிடும். வண்டியை ஐந்து நிமிடம் மட்டும் ஓட்டிக் காட்ட விரும்பும் விற்பனையாளர் இதனை நன்கு அறிவார். நாமும் அறிந்திருத்தல் நலம்.

ஓர் எச்சரிக்கை: கசிவைத் தேட வெறுங்கையால் குழாயைத் தடவாதீர்கள். உயர் அழுத்தத்தில் ஊசிமுனைபோல் பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். வெளியில் சிறு புள்ளியாகத் தோன்றினாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்லாவிடில் விரலையோ கையையோ இழக்க நேரிடும். ஓர் அட்டைத் துண்டை அருகில் பிடித்தால் கசிவு அதிலே தெரிந்துவிடும்.

என்ஜினும் சக்கரங்களும்

வண்டியைப் பார்க்கச் சென்றதும் என்ஜின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருமுன்பே அது சூடாக இருந்தால், குளிர்நிலையில் எளிதில் கிளம்பாத என்ஜினை முன்கூட்டியே கிளப்பி வைத்திருக்கலாம். மறுநாள் காலை, சொல்லாமல் சென்று பார்ப்பது நல்லது.

புகையின் நிறம் என்ஜினின் உடல்நிலையைக் கூறும். நீலப் புகை என்ஜின் எண்ணெய் எரிவதைக் காட்டும். சூடான பின்னும் நீங்காத வெண்புகை, எரியாத டீசலையோ உள்ளே புகுந்த நீரையோ காட்டும். சுமையில்லாதபோதும் கரும்புகை வந்தால், காற்று வடிகட்டியோ டீசல் ஊசியோ கவனிக்கப்பட வேண்டும். ரேடியேட்டர் நீரில் எண்ணெய்ப் படலம் மிதந்தாலும், அச்சிலுள்ள எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தாலும், ஒன்றினுள் மற்றொன்று கலந்துவிட்டது என்று கொள்க. ரேடியேட்டரைத் திறந்து பார்ப்பது குளிர்ந்த என்ஜினில் மட்டுமே.

புதிய என்ஜின்தான் சிறந்தது என்ற எண்ணமும் எப்போதும் சரியன்று. ஐரோப்பாவில் 2011 முதல் படிப்படியாகக் கடுமையாக்கப்பட்ட புகை விதிகளால், பின்னாளைய வண்டிகளில் புகை வடிகட்டியும், யூரியாக் கரைசல் ஊற்றும் கலனும், பல மின்னணு உணரிகளும் சேர்ந்தன. அவை காற்றுக்கு நல்லவை. ஆனால் பழுதுபட்டால், உரிய கணினிக் கருவி உள்ள பட்டறைதான் சரிசெய்ய முடியும். நகரத்தினின்று தொலைவில் உள்ள தோட்டத்துக்கு, உள்ளூர் மெக்கானிக் கழற்றிப் பூட்டத்தக்க எளிய என்ஜின் சில வேளைகளில் மேலானது. உதிரிப் பாகம் எங்கே கிடைக்கும், எத்தனை நாளில் வரும் என்பதை வாங்குமுன்பே தொலைபேசியில் கேட்டறியுங்கள்.

நான்கு டயர்களும் ஒரே அளவாகவும் ஒத்த தேய்மானம் உடையனவாகவும் இருத்தல் வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தில் அளவு மாறிய டயர்கள் அச்சின் பற்சக்கரங்களை வருத்தும். காற்றுக் குறைந்த டயர் சுமை உயரும்போது வண்டியைச் சாய்க்கும். கைப் பிரேக்கை இறுக்கி, ஆபத்தில்லாத சிறு ஏற்றத்தில் சுமையின்றி நிறுத்திப் பாருங்கள்; நிற்காத வண்டியை மேற்கொண்டு சோதிக்க வேண்டியதில்லை.

முன்வாழ்க்கை

வண்டி இதுவரை எங்கே உழைத்தது என்பதைக் கேளுங்கள். மணி மீட்டர் காட்டும் எண் மட்டும் போதாது. 3,000 மணி நேரமே ஓடியதாகக் கூறப்படும் வண்டியில், பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுப்பாகி, இருக்கை கிழிந்து, ஸ்டியரிங் வளையம் தேய்ந்திருந்தால், மீட்டர் மாற்றப்பட்டிருக்கலாம். பழுது பார்த்த கணக்குப் புத்தகமே நம்பத்தக்க சாட்சி.

உரக் கிடங்கில் உழைத்த வண்டியைக் கூடுதல் கவனத்தோடு நோக்க வேண்டும். மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் போன்ற உப்பு உரங்கள் ஈரக் காற்றில் நீரை ஈர்த்து இரும்பை அரிக்கும். இரப்பர்ப் பாலைக் காக்கச் சேர்க்கப்படும் அமோனியா, செம்பையும் பித்தளையையும் அரிக்கும்; மின்கம்பி இணைப்புகளைத் திறந்து பச்சை படிந்துள்ளதா என்று பாருங்கள். நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் இவ்வரிப்பை விரைவுபடுத்துகின்றன என்பதைக் கூறத் தேவையில்லை.

பாதுகாப்புச் சாதனம்

சுமையின் எல்லை நெருங்கும்போது பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகளால் எச்சரிக்கும் சாதனம் ஓட்டுநர் அறையில் இருக்கும். 2008-இல் வெளியான ஈ.என். 15000 என்னும் ஐரோப்பியத் தரவிதியைப் பின்பற்றிய வண்டிகளில், எல்லை மீறும்போது கையை மேலும் நீட்டவோ தாழ்த்தவோ விடாமல் அச்சாதனமே தடுத்துவிடும். வேலை தாமதமாகிறது என்று கருதி, இதன் கம்பியை அறுத்தோ வேறு வழியில் இணைத்தோ விடும் தீய வழக்கம் உண்டு. விளக்கு எரியாத வண்டியில் “அது தேவையில்லை, ஓட்டுநர் கெட்டிக்காரராக இருந்தால் போதும்” என்று எவரேனும் சொன்னால், அவ்விடத்தினின்று நீங்குங்கள். கெட்டிக்கார ஓட்டுநருக்கும் மூட்டைக்குள் இருக்கும் ஈரத்தின் எடை தெரியாது.

ஓட்டுநர் அறையின் தூண்கள் வெட்டப்படாமலும் துளைக்கப்படாமலும் இருத்தல் வேண்டும். வண்டி கவிழ்ந்தால் அத்தூண்களே உயிர்வேலி. இருக்கைப் பட்டியும் பூட்டித் திறக்கும் நிலையில் இருக்க வேண்டும். கவிழும் வண்டியிலிருந்து குதிக்க முயன்று அதன் அடியிலேயே நசுங்குவோரைக் காப்பது அப்பட்டியே. ஃபோர்க்கின் மீதோ பேலட்டின் மீதோ ஆளை ஏற்றி உயர்த்துவது, கூரை ஓடு மாற்றும் ஐந்து நிமிட வேலைக்காயினும், ஆகாது.

நம் நாட்டில் 1967-ஆம் ஆண்டின் தொழிற்சாலை, இயந்திரச் சட்டம் 2024 ஜூன் 1-ஆம் தேதி நீக்கப்பட்டு, 1994-ஆம் ஆண்டின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் அன்று முதல் விரிவாக்கப்பட்டது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்புவதற்குத் தக்க காரணம் உள்ள தொழிலாளி, அதனை முதலாளிக்குத் தெரிவித்தும் அவர் ஆபத்தை நீக்காவிடில், அவ்வேலையினின்று விலகிக்கொள்ளும் உரிமையை அச்சட்டம் இப்போது அளிக்கிறது. பழுதான கையின் கீழே நிற்கும்படி எவரும் எவரையும் வற்புறுத்த இயலாது. நீங்களே கூடி வண்டி வாங்கும்போது, நீங்களே முதலாளியின் பொறுப்பையும் ஏற்கிறீர்கள் என்பதை மறத்தலாகாது. இவ்வண்டிக்கும் அதில் பொருத்தும் உபகரணங்களுக்கும் எந்தச் சான்றிதழ் தேவை, ஓட்டுநருக்கு எந்தப் பயிற்சி தேவை என்பதைப் பணியிடப் பாதுகாப்பு, சுகாதார இலாகாவின் மாநில அலுவலகத்தில் கேட்டறியுங்கள். பொதுச் சாலையைக் கடக்க வேண்டியிருப்பின், சாலைப் போக்குவரத்து இலாகாவையும் அணுகுங்கள்.

பத்திரமும் பணமும்

வண்டியின் சட்டத்தில் பொறித்த எண்ணும், தகட்டில் உள்ள எண்ணும், விற்பனைப் பத்திரத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருத்தல் வேண்டும். எண் சுரண்டப்பட்டிருந்தால் அது திருட்டு வண்டியாகவும் இருக்கக்கூடும். வெளிநாட்டிலிருந்து வந்ததாயின், சுங்க இலாகாவின் கே1 பாரத்தைக் காட்டச் சொல்லுங்கள். வண்டியின்மேல் தவணைக் கடன் பாக்கியிருந்தால் கடன் கொடுத்தவர் நாளை உங்களிடமே வந்து நிற்பார். கடன் இல்லை என்பதை எழுத்து மூலம் பெறுங்கள்.

பணம் அனைத்தையும் விலைக்கே கொடுத்துவிடுவது மற்றொரு பெருந்தவறு. உதாரணமாக, பத்துப் பேர் தலா 6,000 வெள்ளி போட்டு 60,000 வெள்ளி திரட்டியதாகக் கொள்வோம். 60,000 வெள்ளிக்கே வண்டி வாங்கினால், முதல் மாதத்தில் ஒரு டயர் வெடித்தாலும் வண்டி கூடாரத்தில் நின்றுவிடும்; ஏற்றுக்கொண்ட குத்தகையும் கைநழுவும். 48,000 வெள்ளிக்குள் வாங்கி, 12,000 வெள்ளியை எண்ணெய், வடிகட்டி, டயர், புஷ் ஆகியவற்றுக்கென ஒதுக்கிய குழு அத்தகைய இடரைத் தாங்கும். வண்டியைச் சொந்தமாகச் செலுத்திச் சுயதொழில் செய்வோர், 2017-ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொக்சோவில் பதிந்துகொள்வது பற்றியும் விசாரித்தல் நலம்.

விற்பவரோடு தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் ஒருநாள் கூலியே இக்கொள்முதலில் மிகவும் பயன் தரும் செலவு. “இன்னொருவர் முன்பணத்தோடு வந்துகொண்டிருக்கிறார்” என்ற சொல்லுக்கு அஞ்சாதீர்கள். சோதிக்க நேரம் தராதவரிடம் வாங்காமல் திரும்பினால் நட்டம் பேருந்துக் கட்டணம் மட்டுமே.

நினைவிற்கொள்ள வேண்டியவை

1. தோட்டத்தின் சுமை, உயரம், வாசல், பாலம் ஆகியவற்றை அளந்த பின்னரே வண்டியைப் பார்க்கச் செல்க.

2. உங்கள் சுமை சுமைப் படத்தின் எல்லைக்குள் நன்கு அடங்குகிறதா எனக் காண்க.

3. என்ஜினுக்கு முன் கையை ஆராய்க. விரிசலோ சான்றில்லாத வெல்டிங்கோ இருந்தால் விட்டுவிடுக.

4. இருபது மூட்டைகளைத் தூக்கிப் பத்து நிமிடம் நிறுத்திப் பார்க்க. அரைமணி நேரம் வேலை வாங்கிப் பார்க்க.

5. எச்சரிக்கைச் சாதனம், தடுப்பு வால்வு, இருக்கைப் பட்டி ஆகிய மூன்றில் ஒன்று இல்லாவிடினும் பணம் கொடாதீர்.

6. எண்களும் பத்திரங்களும் ஒத்திருத்தல் வேண்டும்.

7. பழுதுக்கென்று ஒரு தொகையை முதலிலேயே ஒதுக்குக.

இயந்திரம் தொழிலாளியின் தோளுக்கு ஓய்வு தரவே வந்தது. தோளினின்று இறங்கிய சுமை, நம் கவனக்குறைவால் இன்னொரு தொழிலாளியின் தலைமேல் விழுதல் கூடாது. பார்ப்பதற்கு ஒருநாள் செலவிடுங்கள். சந்தேகம் தீரவில்லையெனில் இன்னொருநாளும் செலவிடுங்கள். பணம் கைமாறுவது அனைத்துக்கும் கடைசியாக இருக்கட்டும். அவ்வாறு வாங்கிய வண்டி, பழையதாயினும், உங்கள் குழுவுக்குப் பல்லாண்டு உண்மையாய் உழைக்கும்.